ஊருக்கு ஹோம் ரூல் வேண்டுமா? இல்லினாய் வாக்காளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சிறிய ஊர்களின் வாக்குச்சீட்டில் அவ்வப்போது ஒற்றை வரிக் கேள்வி ஒன்று தலைகாட்டும்: “இந்த ஊர் ஹோம் ரூல் அலகாக ஆக வேண்டுமா?” பதில் ஆம் அல்லது இல்லை. ஆளுநர், நீதிபதி என்று நீண்ட சீட்டின் அடியில் கிடக்கும் இந்த வரியை நிறையப் பேர் நிரப்பாமலே விட்டுவிடுகிறார்கள். ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு உங்கள் வரிச்சீட்டு எப்படியிருக்கும் என்பதில் இந்த வரிக்குப் பங்கு உண்டு.

ஹோம் ரூல் என்றால் என்ன?

தன்னாட்சி அதிகாரம். இது இல்லாத ஊர், மாநிலச் சட்டம் செய்யச் சொன்னதையும் செய்ய அனுமதித்ததையும் மட்டுமே செய்யலாம். ஹோம் ரூல் பெற்ற ஊர், மாநிலச் சட்டம் தடுக்காத எதையும் செய்யலாம். முன்னதில் “இதற்கு அனுமதி எந்தப் பிரிவில் இருக்கிறது?” என்று நகர வழக்கறிஞர் தேட வேண்டும், பின்னதில் “இதற்குத் தடை எங்கே இருக்கிறது?” என்று எதிர்ப்பவர் தேட வேண்டும்.

ஓர் ஊர் தன் காரியத்துக்கு மாநிலத்திடம் ஏன் கைகட்டி நிற்க வேண்டும்?

அமெரிக்க அரசியல் சட்டத்தில் நகராட்சி என்ற பேச்சே கிடையாது. மத்திய அரசு இருக்கிறது, மாநிலங்கள் இருக்கின்றன; நகரங்கள் மாநிலம் பெற்ற பிள்ளைகள். 1868இல் அயோவா மாநில உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி ஜான் டில்லன் இதைக் கறாராக எழுதிவைத்தார்: நகரத்தைப் படைத்தது சட்டமன்றம், அதுவே அழிக்கவும் முடியும், நகரத்தின் அதிகாரம் குறித்து ஐயம் வந்தால் அதிகாரம் இல்லை என்றே கொள்ள வேண்டும். இன்றும் இதற்கு ‘டில்லன் விதி’ என்றே பெயர்.

விதி எவ்வளவு கடுமையானது என்பதற்குப் பென்சில்வேனியாவில் ஒரு சாட்சி உண்டு. பிட்ஸ்பர்க் நகருக்கு ஆற்றின் அக்கரையில் அலகேனி என்று தனி நகரம் இருந்தது. இரண்டையும் இணைக்க வாக்கெடுப்பு நடந்தது. அலகேனி மக்களில் பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள். ஆனால் இரு ஊர் வாக்குகளையும் சேர்த்து எண்ணலாம் என்று மாநிலம் சட்டம் வைத்திருந்தது. பெரிய ஊரின் வாக்கு சின்ன ஊரை விழுங்கிவிட்டது. 1907இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் மாநிலம் செய்தது சரிதான் என்று கையை விரித்தது.

இந்தப் பிடியைத் தளர்த்தக் கிளம்பியதுதான் ஹோம் ரூல். மிசௌரி மாநிலம் 1875இல் தன் அரசியல் சட்டத்தில் இதற்கு வழி செய்தது. அடுத்த ஆண்டே செயின்ட் லூயிஸ் நகரம் அதைப் பயன்படுத்திக்கொண்டது. இல்லினாய் வெகு காலம் தாழ்த்தி, 1970ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில்தான் இதை ஏற்றது. ஆனால் ஏற்றபோது அள்ளிக் கொடுத்தது. ஏழாம் பகுதியின் ஆறாவது பிரிவு ஹோம் ரூல் அதிகாரத்தைத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. டில்லன் விதியைத் தலைகீழாகப் புரட்டிய வாசகம் அது.

எங்கள் ஊரில் இப்படி வாக்கெடுப்பு நடந்ததாக நினைவே இல்லையே?

மக்கள்தொகை 25,000ஐத் தாண்டினால் வாக்கெடுப்பு தேவையில்லை. அதிகாரம் தானாக வந்துவிடும். சிகாகோவுக்கு அப்படித்தான் வந்தது. தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் நேப்பர்வில், அரோரா நகரங்களும் ஹோம் ரூல் நகரங்களே. 25,000க்குக் கீழே உள்ள ஊர்கள்தான் மக்களிடம் கேட்டுப் பெற வேண்டும். மாநிலத்தில் சுமார் 1,300 நகராட்சிகள். அவற்றில் 200க்கும் மேற்பட்டவை ஹோம் ரூல் பெற்றவை. மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதிகளான கவுண்டிகளில், சிகாகோ அடங்கிய குக் கவுண்டிக்கு மட்டுமே இது உண்டு.

கேள்வியை வாக்குச்சீட்டில் ஏற்றுவது யார்?

பெரும்பாலும் நகர மன்றமே தீர்மானம் போட்டு ஏற்றும். குடிமக்கள் கையெழுத்து மனு மூலமும் ஏற்றலாம். கேள்வி மீது விழுந்த வாக்குகளில் எளிய பெரும்பான்மை போதும். கேள்வியை நிரப்பாமல் விட்டவர் கணக்கிலேயே வரமாட்டார். மேயர் தேர்தலுக்கே கூட்டம் சேராத ஊர்களில், சில நூறு பேர் முடிவெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். சொத்து வரி ஏறுமா?

ஏற்றலாம் என்ற அதிகாரம் வரும். ஏறியே தீரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஏறாது என்றும் யாரும் சொல்லக் கூடாது.

1991இல் மாநிலம் சொத்து வரிக்கு ஒரு கடிவாளம் போட்டது. முதலில் சிகாகோவைச் சுற்றியுள்ள டுபேஜ், கேன், லேக், மெக்ஹென்றி, வில் ஆகிய ஐந்து கவுண்டிகளுக்கு. சில ஆண்டுகளில் குக் கவுண்டிக்கும். மற்ற கவுண்டிகள் விரும்பினால் வாக்கெடுப்பு நடத்திச் சேர்ந்துகொள்ளலாம். ஓர் உள்ளாட்சி அமைப்பு தான் வசூலிக்கும் மொத்த வரியைச் சென்ற ஆண்டைவிட 5 சதவீதமோ விலைவாசி உயர்வோ, இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் கூட்டக் கூடாது. கூட்ட வேண்டுமானால் மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். சென்ற ஆண்டு 50 லட்சம் டாலர் வசூலித்த ஊர், விலைவாசி 3 சதவீதம் ஏறியிருந்தால், இந்த ஆண்டு 51.5 லட்சம் வரை போகலாம். புதிதாகக் கட்டிய வீடுகளின் வரி இதில் சேராது, தனி. உச்சவரம்பு ஊரின் மொத்த வசூலுக்குத்தானே தவிர உங்கள் வீட்டுச் சீட்டுக்கு அல்ல. உங்கள் வீட்டு மதிப்பு அண்டை வீட்டைவிட அதிகமாக ஏறினால், உங்கள் சீட்டு 5 சதவீதத்தைத் தாண்டியும் ஏறும். இதை அறியாமல் கோபப்படுபவர்கள் அதிகம்.

ஹோம் ரூல் ஊருக்கு இந்தக் கடிவாளம் கிடையாது.

இங்கே வரிச்சீட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. இல்லினாயில் ஏறத்தாழ 7,000 உள்ளாட்சி அமைப்புகள். நாட்டிலேயே இதுதான் அதிகம். குக் கவுண்டிச் சீட்டு ஒன்றில் பள்ளி மாவட்டம், உயர்நிலைப் பள்ளி மாவட்டம், சமுதாயக் கல்லூரி, பூங்கா, நூலகம், டவுன்ஷிப், வனக் காப்பகம், கழிவுநீர் வாரியம் என்று வரிசை நீளும். சில ஊர்களில் கொசு ஒழிப்புக்கென்றே தனி அமைப்பு, அதற்கென்று தனி வரி. இத்தனை வரிகளில் ஊராட்சிக்குரியது ஒன்றுதான், அதுவும் பெரும்பாலும் சிறியது. சிங்கப் பங்கு பள்ளிகளுக்குப் போகிறது. ஹோம் ரூல் அந்த ஒரு வரியைத்தான் அவிழ்த்துவிடும். பள்ளிக்கும் பூங்காவுக்கும் போட்ட உச்சவரம்பு அப்படியே இருக்கும். “சொத்து வரி இரண்டு மடங்காகிவிடும்” என்று துண்டறிக்கை போடுபவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

சொத்து வரியை ஏற்றமாட்டோம் என்று மன்றம் தனிச் சட்டமே இயற்றுவதாகச் சொல்கிறதே?

வாக்கெடுப்புக்கு முன் பல ஊர்கள் இப்படிச் செய்கின்றன. ஹோம் ரூல் கிடைத்தாலும் மாநில உச்சவரம்புக்குள்ளேயே இருப்போம் என்று தங்களுக்குத் தாங்களே வேலி போட்டுக்கொள்கிறார்கள். நல்ல அறிகுறிதான், எதிலும் கட்டுப்படமாட்டோம் என்று சொல்லும் மன்றத்தைவிட இந்த மன்றம் மேல்.

ஆனால் இன்றைய மன்றம் இயற்றியதை நாளைய மன்றம் ஒரே கூட்டத்தில் நீக்கலாம். மாநிலம் போட்ட வேலியைத் தாண்ட மக்களின் வாக்கு வேண்டும். தானே போட்ட வேலியைத் தாண்ட மன்றத்தின் பெரும்பான்மை போதும். என்னைக் கேட்டால், ஹோம் ரூல் வாக்கெடுப்பின் சாரமே இதுதான். இனிமேல் ஒவ்வொரு முறையும் எங்களைக் கேட்கத் தேவையில்லை என்று மக்கள் ஒருமுறை வாக்களித்துச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லும் அளவுக்கு இந்த மன்றத்தின் மீதும், நீங்கள் இன்னும் பார்த்திராத அடுத்த மன்றத்தின் மீதும் நம்பிக்கை இருக்கிறதா என்பதே கேள்வி.

விற்பனை வரி?

ஹோம் ரூல் ஊர் கால் கால் சதவீதமாகத் தன் சொந்த விற்பனை வரியைக் கூட்டலாம். சட்டத்தில் உச்சவரம்பு இல்லை. வீட்டுக்கு வாங்கும் மளிகை, மருந்து, பதிவு செய்யும் வாகனம் ஆகியவற்றுக்கு இந்த வரி பொருந்தாது. ஹோம் ரூல் இல்லாத ஊருக்கு 1 சதவீதமே எல்லை.

ஆதரவாளர்களின் முதல் வாதம் இதுதான்: நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய அங்காடி வளாகம் இருக்கிறது, வாங்க வருபவர்களில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள், அவர்களும் நம் சாலைக்குப் பங்கு கொடுக்கட்டுமே. வளாகம் உள்ள ஊருக்கு இது நியாயமான வாதம். இரண்டு பெட்ரோல் நிலையமும் ஒரு முடிதிருத்தகமும் மட்டுமே உள்ள ஊரில் எடுபடாது.

இதில் அண்மையில் ஒரு திருப்பம். 2024இல் இயற்றிய சட்டத்தின்படி, ஹோம் ரூல் இல்லாத ஊர்களும் அந்த 1 சதவீதத்தை மக்கள் வாக்கு இல்லாமலே விதிக்கலாம். முன்பு வாக்கெடுப்பு கட்டாயம். அதே சட்டம் மாநிலத்தின் 1 சதவீத மளிகை வரியை 2026 ஜனவரி முதல் எடுத்துவிட்டு, வேண்டுமானால் ஊர்களே அதை விதித்துக்கொள்ளலாம் என்று விட்டது. ஆக, விற்பனை வரிக்காக மட்டுமே ஹோம் ரூல் கேட்கும் ஊரிடம், “அந்த 1 சதவீதம் போதாதா?” என்று திருப்பிக் கேட்கலாம்.

வீடு வாங்கும்போது ஏதோ முத்திரைக்குப் பணம் கட்டச் சொல்கிறார்களே, அதுவும் இதுதானா?

ஆம். சொத்து கைமாற்று வரி ஹோம் ரூல் ஊர்களுக்கு உரியது. நேப்பர்வில்லில் ஒவ்வொரு 500 டாலருக்கும் ஒன்றரை டாலர். வாங்குபவர் கட்ட வேண்டும். 5 லட்சம் டாலர் வீட்டுக்கு 1,500 டாலர். கிரயம் முடிப்பதற்கு முன் நகர அலுவலகத்தில் கட்டி முத்திரை பெற வேண்டும். வங்கிக் கணக்கைத் துடைத்து முன்பணம் கட்டிவிட்டு வந்து நிற்கும் இளம் தம்பதியருக்கு இந்த 1,500 பெரும்பாலும் கடைசி நேர அதிர்ச்சியாகவே வருகிறது. ஆறுதல் ஒன்று உண்டு: இந்த வரியைப் புதிதாகக் கொண்டுவரவோ உயர்த்தவோ ஹோம் ரூல் ஊரும் மக்களிடம் தனி வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். 2024 மார்ச்சில் சிகாகோ நகரம் விலை உயர்ந்த சொத்துகளுக்கு இதை உயர்த்தக் கேட்டபோது வாக்காளர்கள் மறுத்துவிட்டார்கள்.

வருமான வரி போட முடியுமா?

முடியாது. மாநிலச் சட்டமன்றம் அனுமதித்தாலொழிய வருமானத்துக்கோ தொழிலுக்கோ ஊர் வரி விதிக்க முடியாது என்று அரசியல் சட்டமே சொல்கிறது.

கடன் வாங்குவது?

ஹோம் ரூல் இல்லாத ஊர், சொத்து வரியை ஈடாக வைத்துப் பொதுக் கடன் பத்திரம் வெளியிடப் பொதுவாக மக்களின் சம்மதம் வேண்டும். மொத்தக் கடன், ஊரின் வரி மதிப்பீட்டில் 8.625 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஹோம் ரூல் ஊருக்கு இந்த வாக்கெடுப்பும் இல்லை, இந்த எல்லையும் இல்லை. இவ்வகைக் கடனை 40 ஆண்டுகளுக்குள் அடைக்க வேண்டும் என்ற அரசியல் சட்ட நிபந்தனை உண்டு. 40 ஆண்டு என்பது, இன்று மன்றத்தில் கை தூக்குபவரின் பேரப்பிள்ளைகள் கட்டும் கடன். சொத்து வரியைப் பற்றி எழும் கூச்சலில் பாதியாவது கடனைப் பற்றி எழ வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காவல், தீயணைப்புத் துறையினரின் ஓய்வூதிய நிதியை 2040க்குள் 90 சதவீதம் நிரப்ப வேண்டும் என்று மாநிலம் ஊர்களுக்குக் கெடு வைத்திருக்கிறது. நிறைய ஊர்கள் பின்தங்கியிருக்கின்றன. ஹோம் ரூல் பேச்சு திடீரென்று கிளம்பினால், ஊரின் ஓய்வூதியக் கணக்கை எடுத்துப் பாருங்கள். காரணம் அங்கே இருக்கக்கூடும்.

எல்லாம் பணம்தானா? வேறு பயனே இல்லையா?

உண்டு, வியப்பூட்டும் வகையில். 1981இல் மார்ட்டன் குரோவ் என்ற சிகாகோ புறநகர் கைத்துப்பாக்கி வைத்திருப்பதையே தடை செய்தது. மாநில உச்ச நீதிமன்றம் 1984இல், ஹோம் ரூல் ஊருக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. 2010இல் சிகாகோவின் தடை மீதான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆயுத உரிமை மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்தும் என்று கூறியதோடு அத்தகைய தடைகள் முடிவுக்கு வந்தன. ஆனாலும் சிறிய ஊர் எவ்வளவு தூரம் போகலாம் என்று அது காட்டிவிட்டது.

அன்றாட அளவில் முக்கியமானது வாடகை வீட்டு உரிமம். கூரை ஒழுகும் வீட்டை ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் வாடகையை மட்டும் வாங்கும் உரிமையாளரை, உரிமம் இருந்தால்தான் வாடகைக்கு விடலாம் என்று சொல்லி வழிக்குக் கொண்டுவரலாம். ஹோம் ரூல் இல்லாத ஊர் ஆய்வு செய்யலாம், அபராதம் போடலாம். உரிமம் என்று கிளம்பினால் அதற்குச் சட்டத்தில் இடம் எங்கே என்ற வழக்கு வாசலில் நிற்கும்.

மாநிலம் குறுக்கே வர முடியாதா?

வரலாம். ஓர் ஹோம் ரூல் அதிகாரத்தை மாநிலம் தன் கையில் எடுத்துக்கொள்ளாமல் வெறுமனே பறிக்க வேண்டுமானால் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு உறுப்பினர் ஆதரவு தேவை. சில துறைகளில் பறித்தும் இருக்கிறது. 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி எந்த ஊரும், ஹோம் ரூல் ஊராகவே இருந்தாலும், வீட்டு வாடகைக்கு உச்சவரம்பு விதிக்க முடியாது.

கவுண்டியோடு மோதினால் நிலைமை வேறு. 2016இல் குக் கவுண்டி குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியது. கவுண்டிச் சட்டமும் ஊர்ச் சட்டமும் முரண்பட்டால் ஊர்ச் சட்டமே ஊருக்குள் செல்லும் என்பது அரசியல் சட்டம். பெரும்பாலான புறநகர்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் போட்டுக் கழன்றுகொண்டன. தன்னாட்சி என்றாலே ஏழைக்கு நன்மை என்று எண்ணுபவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கே அந்த அதிகாரம் கூலியைக் குறைவாக வைத்திருக்கப் பயன்பட்டது.

ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியுமா?

முடியும். “ஹோம் ரூல் வேண்டாம்” என்றும் வாக்கெடுப்பு நடத்தலாம். லைல், லம்பார்ட் போன்ற ஊர்கள் அப்படி உதறியவை. பெரிய உதாரணம் ராக்ஃபோர்ட். ஒன்றரை லட்சத்தை ஒட்டிய மக்கள்தொகை. இல்லினாயில் ஹோம் ரூல் இல்லாத நகரங்களில் மிகப் பெரியது. தானாக வந்த அதிகாரத்தை 1983இல், சொத்து வரிக் கோபத்தில், அந்நகர மக்கள் வாக்களித்துப் பிடுங்கினார்கள். அப்போது மேயர் ஜான் மெக்நமாரா. முப்பத்தைந்து ஆண்டு கழித்து, 2018 மார்ச்சில், அதைத் திரும்பத் தாருங்கள் என்று கேட்டு ஊர் முழுக்கப் பிரசாரம் செய்த மேயர் டாம் மெக்நமாரா, அவருடைய மகன். மக்கள் மிகக் குறுகிய வித்தியாசத்தில் மறுத்தார்கள். தந்தை காலத்து வரிச்சீட்டு இவ்வளவு காலம் ஞாபகத்தில் நிற்கும் என்று மகன் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

மக்கள்தொகை குறைந்து 25,000க்குக் கீழே போனாலும் அதிகாரம் தானாகப் போய்விடாது. அடுத்த பொதுத் தேர்தலில் மக்களிடம் கேட்பார்கள். வேண்டாம் என்று சொன்னால்தான் போகும்.

வாக்கெடுப்பு என்ற பெரிய ஆயுதம் இல்லாமல், ஒரே ஒரு வரியை எதிர்க்க வழியில்லையா?

கூச்சல் போடலாம், சில நேரம் பலிக்கும். 2017 ஆகஸ்டில் குக் கவுண்டி தன் ஹோம் ரூல் அதிகாரத்தில் இனிப்புப் பானங்களுக்கு அவுன்ஸுக்கு ஒரு சென்ட் வரி விதித்தது. மக்கள் எல்லை தாண்டி அடுத்த கவுண்டியில் சோடா வாங்கினார்கள், கடைக்காரர்கள் கொதித்தார்கள், இரு தரப்பும் தொலைக்காட்சியில் விளம்பரமாகப் பொழிந்தன. அக்டோபரில் ரத்துத் தீர்மானம், டிசம்பர் முதல் தேதியோடு வரி காலி. ஆனால் சோடா வரி கண்ணில் படும் வரி, ஒவ்வொரு ரசீதிலும் தெரியும். கடன் பத்திரம் அப்படிக் கண்ணில் படாது.

நகர மன்றம் அனுப்பிய விளக்கக் கையேட்டை நம்பலாமா?

தகவலுக்கு நம்பலாம். பொதுப் பணத்தைச் செலவிட்டு ஆம் என்றோ இல்லை என்றோ வாக்களிக்கச் சொல்வது இல்லினாய் சட்டப்படி குற்றம், தகவல் தரலாம். அதனால்தான் அந்தக் கையேடுகள் உப்புச் சப்பில்லாமல் இருக்கின்றன. ஆனால் எந்தத் தகவலை முதலில் வைப்பது, எதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுவது என்பதில் விருப்பம் தெரிந்துவிடும். கடனைப் பற்றிய கேள்வி எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று பாருங்கள். எதிர்ப்பவர்களின் அறிக்கைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே நிலநடுக்கமே வரப்போவதுபோல எழுதியிருக்கும். சிகாகோ பகுதியில் வீட்டுத் தரகர்களின் சங்கங்கள் பல முறை எதிர்ப்பில் முன்னே நின்றிருக்கின்றன. கைமாற்று வரியும் வாடகை உரிமமும் அவர்கள் தொழிலைத் தொடுபவை.

கூட்டத்தில் மேயரிடம் என்ன கேட்பது?

சென்ற சில ஆண்டுகளில் ஹோம் ரூல் இல்லாததால் செய்ய முடியாமல் போன காரியம் எது, பெயர் சொல்லுங்கள் என்று கேளுங்கள். குறிப்பாகப் பதில் வந்தால் அது சிந்தித்துக் கேட்கும் மன்றம். “எதிர்காலத்தில் உதவும்” என்று மட்டும் சொன்னால், உட்காராமல் மறுபடியும் கேளுங்கள். பக்கத்தில் ஏற்கெனவே ஹோம் ரூல் பெற்ற இரண்டு மூன்று ஊர்களின் சொத்து வரி வசூல் பத்து ஆண்டுகளில் எப்படிப் போயிருக்கிறது என்ற கணக்கையும் கேட்டு வாங்குங்கள். அது பொது ஆவணம்.

நான் வாடகைக்கு இருக்கிறேன். எனக்கு என்ன வந்தது?

வீட்டுக்காரர் கட்டும் சொத்து வரி வாடகையில் வந்து சேரும். விற்பனை வரி நேராகவே உங்களிடம் வரும். ஒழுகும் கூரைக்குக் கேள்வி கேட்கும் அதிகாரமும் உங்களுக்காகத்தான். வாக்கு உண்டு, பயன்படுத்துங்கள்.

பச்சை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருக்கிறேன், வீடும் சொந்த வீடு. வாக்களிக்கலாமா?

கூடாது. பத்து ஆண்டு வரி கட்டியிருந்தாலும் இந்த வாக்கெடுப்பு குடியுரிமை பெற்றவர்களுக்கு மட்டுமே. ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் வாக்காளர் பதிவுப் படிவத்தையும் சேர்த்து நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். குடியேற்ற வழக்கில் பெரிய சிக்கலாகும். மன்றக் கூட்டத்தில் பேசத் தடை இல்லை. கூட்டத்தில் பொதுமக்கள் கருத்துச் சொல்ல நேரம் ஒதுக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம், அங்கே குடியுரிமைச் சான்றை யாரும் கேட்பதில்லை.